ஆள் வராத பங்கு

என் பேரப்பிள்ளைகள் புதுச்சேரிக்குப் போய்விட்டு வந்தால் படம் படமாகக் காட்டுவார்கள். கடற்கரைச் சாலை, மஞ்சள் பூச்சு வீடுகள், காகிதப்பூ தொங்குகிற சுவர்கள். "தாத்தா, இதெல்லாம் நீங்க பாத்திருக்கீங்களா?" என்பார்கள். பார்த்ததில்லை. வருகிறவர்கள் பார்க்கிற எதையும் நான் பார்க்கவில்லை. நான் போனது கருவாடு காய்கிற வழி. ஆனால் அந்த ஊர் ஜனங்களை நான் பார்த்த மாதிரி இவர்கள் யாரும் பார்த்திருக்க மாட்டார்கள்.

மூன்றாம் வகுப்போடு என் படிப்பு முடிந்தது. அதற்குப் பிறகு நான் செய்ததெல்லாம் எங்கள் வட்டாரத்துக்கே தெரியும். செஞ்சிக்கு மேற்கே முதல் அரிசி ஆலை என்னுடையது. முதல் லாரியும் என்னுடையதுதான். யாரிடமும் போய்க் கைகட்டி நின்றதில்லை. வழி கேட்பதுகூட எனக்குப் பிடிக்காது. போகப் போகத் தெரியும் என்று போகிறவன் நான். அப்படிப்பட்டவன் ஒரு நாள் முழுக்கக் கண்ணில் பட்டவர்களிடமெல்லாம் கெஞ்சிக்கொண்டு நடந்தேன்.

பிரெஞ்சுக்காரன் கொடியை இறக்கிக்கொண்டு போன மறுவருஷம் என்று நினைவு. ஆலை, லாரி எதுவும் அப்போது இல்லை. இரண்டு காணி நிலமும் ஒரு கிணறும் இருந்தன. எனக்கு ஒரே தம்பி. பிறவியிலேயே காது கேட்காது, அதனால் பேச்சும் இல்லை. ஆள் என்னைவிட உயரம். கிணற்றுக் கயிற்றைப் பிடித்தால் இரண்டு பேர் வேலையை ஒருவனாகச் செய்வான். ஊரில் அவனோடு பேசுகிறவர்கள் அம்மாவும் நானும் மட்டும்தான். மூக்குத்தி இருக்கிற இடத்தைத் தொட்டால் அம்மா. மீசையை முறுக்கினால் நான். இரண்டு கையையும் கூரைபோலச் சேர்த்தால் வீடு. தூரத்து வயலில் நிற்கிறவனைக் கூப்பிட வேண்டுமானால் வரப்பில் ஏறித் துண்டை வீசுவேன், ஓடி வருவான். ஊரில் மற்றவர்கள் அவனைக் களத்து வேலைக்குக் கூப்பிடுவார்கள். கல்யாணப் பந்திக்குக் கூப்பிட மாட்டார்கள்.

புதுச்சேரிப் பெரிய ஆஸ்பத்திரியில் ஊமைக்குப் பேச்சு வரவழைக்கிறார்கள் என்று யாரோ அம்மாவின் காதில் போட்டுவிட்டார்கள். அம்மா சாமிக்குக் காசு முடிந்து வைத்துவிட்டு எங்களைக் கிளப்பினாள். பஸ் ஏறுகிற இடத்தில் என் சட்டையைப் பிடித்துக்கொண்டு சொன்னாள்:

"பேச்சோட கூட்டிக்கினு வா. பேச்சு வரலன்னா போவுது, புள்ளைய பத்ரமா கூட்டிக்கினு வா. அவன உட்டுட்டு மட்டும் வந்து நிக்காத."

ஆஸ்பத்திரியில் டாக்டர் பொறுமையாகத்தான் பார்த்தார். காதுக்குள் விளக்கு அடித்தார், பின்னால் நின்று கை தட்டினார். பிறகு பிரெஞ்சில் ஏதோ சொன்னார். பக்கத்தில் நின்ற கம்பவுண்டர் அதைத் தமிழில் சொன்னார்: "பொறவியிலயே இல்லாதத எப்டிப்பா கொண்டாறது? அழைச்சுக்கினு போ." தம்பி என் முகத்தைப் பார்த்தான். நான் கையை ஆட்டிக் காட்டவில்லை. இருந்தும் புரிந்துகொண்டான்.

பஸ் நிற்கிற இடத்துக்கு வந்தோம். ஒரு தூங்குமூஞ்சி மரத்தடியில் அவனை உட்காரவைத்து, புளிச்சோற்று மூட்டையை மடியில் கொடுத்துவிட்டு, திண்டிவனம் பஸ் எப்போது என்று பார்க்கப் போனேன். திரும்பி வந்தபோது மூட்டை மட்டும் இருந்தது.

முதலில் எனக்குப் பயம் வரவில்லை. இவ்வளவு பெரிய ஆளை யார் தூக்கிக்கொண்டு போவார்கள் என்று நினைத்தேன். மரத்தைச் சுற்றினேன், பக்கத்துத் தெருவைப் பார்த்தேன், மார்க்கெட்டுக்குள் ஓடினேன். அந்த ஊர்த் தெருக்கள் கோடு போட்ட மாதிரி நேராக இருக்கும். ஒரு முனையில் நின்றால் மறுமுனை தெரியும். எந்த முனையிலும் அவன் இல்லை. அப்புறம்தான் பயம் வந்தது. அவனால் பெயர் சொல்ல முடியாது. ஊர் சொல்ல முடியாது. பின்னால் வண்டி வந்தால் காது கேட்காது.

பஸ் நிற்கிற இடத்துக்கு எதிரில் கயிறும் கூடையும் விற்கிற ஒரு பாய் கடை. வேறு வழியில்லாமல் அங்கே போய் நின்றேன்.

"பாய், இந்த மரத்தடியில ஒருத்தன் ஒக்காந்திருந்தான்…"

"வா தம்பி, மொதல்ல ஒக்காரு. எந்த ஊரு?"

"செஞ்சி பக்கம். ஒசரமா, கோடு போட்ட சட்ட…"

"செஞ்சியா! கோட்டைக்கு இந்தாண்டயா அந்தாண்டயா? மல மேல இன்னும் பீரங்கி கெடக்குதாமே? வந்தது என்னா விஷயமா?"

பல்லைக் கடித்துக்கொண்டு எல்லாவற்றுக்கும் பதில் சொன்னேன். காது கேட்காத தம்பி என்று சொன்னதும் பாய் கையிலிருந்த முழக்கோலைக் கீழே போட்டார்.

"அல்லாவே! அந்த ஆளா? இங்கதான் நின்னு தேங்கா நாரு கயித்தத் தடவித் தடவிப் பாத்தான். எந்த ஊருன்னு கேட்டேன். மூஞ்சத் திருப்பிக்கினான். கெர்வம் புடிச்சவன்னு நெனச்சு வாய்க்கு வந்தபடி திட்டிட்டேன். என் கயித்த வாங்கித் தோள்ல போட்டுக்கினு ஒரு மீன்காரன் போனான் பாரு, அந்தக் கயித்தப் பாத்துக்கினே கெழக்கால பின்னாடி போனான் உன் தம்பி."

கிழக்கே கடல். எங்கள் குடும்பத்தில் அதுவரை யாரும் கடலைப் பார்த்ததில்லை. தம்பிக்கு நீச்சலும் தெரியாது. எங்கள் கிணற்றில்கூட நான் அவனை இறங்க விட்டதில்லை.

பாய் கடைக்குப் படுதாவை இழுத்துவிட்டு என்னோடு வந்தார். நான் வேண்டாம் என்றேன். "செஞ்சிக்காரனுக்குக் கடலப் பத்தி என்னா தெரியும்? வா," என்றார். குப்பத்து மணலில் வலை பின்னிக்கொண்டிருந்தவர்களிடம் என்னைக் கொண்டுபோய் நிறுத்தி, நான் சொன்ன கதையையும் நான் சொல்லாத கதையையும் சேர்த்துச் சொன்னார். அவர்கள் ஊசியை நிறுத்திவிட்டு என்னைச் சுற்றிக்கொண்டார்கள். எனக்குக் கல்யாணம் ஆயிற்றா, அப்பா இருக்கிறாரா, எங்கள் ஊரில் மீன் கிடைக்குமா, கிடைக்காவிட்டால் எதைத்தான் தின்கிறோம்? ஒருவன் என் கையைத் திருப்பிப் பார்த்து, "ஏர் புடிக்கிற கையி. துடுப்புக் கையி மாரியே காச்சிருக்குது பாரு," என்று மற்றவனுக்குக் காட்டினான். எனக்கு அவர்களை அடிக்கலாம் போல வந்தது.

கடைசியில் ஒரு கிழவர் சொன்னார்: "கயிறு வாங்கினு போன ஆளு தோணியில ஏறிப் போயிட்டான். அவம் பின்னால வந்த ஒசரமான ஆளு தண்ணில கால வச்சுக்கினே வடக்கப் போனான். கூப்ட்டோம். கஞ்சி குடிச்சுட்டுப் போய்யான்னு சொன்னோம். திரும்பியே பாக்கல."

"அவனுக்குக் காது கேக்காதுங்க."

"நீச்சல் தெரியுமா?"

"தெரியாதுங்க."

அதுவரை ஓயாமல் கேட்டுக்கொண்டிருந்தவர்கள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். யாரும் அதற்கு மேல் ஒன்றும் கேட்கவில்லை. பாய் என் தோளில் கை வைத்து, "நட தம்பி, கடலோரமாவே போ. வழியில எல்லாம் நம்ம ஜனங்கதான். கேட்டுக்கினே போ," என்றார்.

போனேன். ஈர மணலில் நடக்கத் தெரியாது. செருப்பு புதைந்தது, கழற்றிக் கையில் பிடித்துக்கொண்டேன். அவன் பெயரைச் சொல்லிக் கத்திக்கொண்டே போனேன். தொண்டை கட்டுகிறவரை கத்தினேன். குப்பத்துக்குக் குப்பம் ஜனங்கள் குடிசையிலிருந்து எட்டிப் பார்த்தார்கள். எல்லா இடத்திலும் அதே கேள்வி, அதே பாசம். எந்த ஊரு, யாரு மவன், எங்க வந்த, தண்ணி குடி, மீன் துண்டு தின்னு, வெயில்ல நிக்காத. எல்லா இடத்திலும் அவனைப் பார்த்திருந்தார்கள். எல்லோருக்கும் அவன்மேல் ஒரு கோபமும் இருந்தது. "அந்தத் தொரையா? எந்த ஊருன்னு கேட்டதுக்கு வாயத் தொறக்கல," என்றாள் ஒருத்தி. "கூப்ட்டா மதிக்காமப் போவுறான்," என்றான் ஒருவன். பதில் சொல்லாமல் போனவனை அந்தக் கரை மறக்கவில்லை. அவர்களுடைய கோபத்தைப் பிடித்துக்கொண்டுதான் நான் வடக்கே போனேன்.

ஓர் இடத்தில் யாரையும் காணவில்லை. வெறும் மணல், அடம்பங்கொடி, நண்டு வளை. அங்கே எதிரில் வந்த கூடைக்காரி என்னைப் பார்த்து, கேட்கத் தயங்கிக் கேட்டாள்: "உன் ஆளு என்னா நெறத்துல சட்ட போட்டிருந்தான் சாமி? அதோ அங்க என்னமோ ஒதுங்கியிருக்குதுன்னாங்க. நான் கிட்டப் போயிப் பாக்கல."

ஓடினேன். அலை ஓரத்தில் கறுப்பாக, நீளமாக, பாசி சுற்றிக்கொண்டு கிடந்தது. கிட்டே போகப் போக என் கால் பின்வாங்கியது. அலை வந்து அதைப் புரட்டியது. மரக்கட்டை. உடைந்த கட்டுமரத்தின் ஒரு கட்டை.

நான் அழுகிற ஜாதி இல்லை. அப்பா செத்தபோதுகூட நின்று வேலையைப் பார்த்தவன். அந்தக் கட்டையின் மேல் உட்கார்ந்து வாய்விட்டு அழுதேன். அம்மாவிடம் என்ன சொல்வது என்று அழுதேன். டாக்டர் கையை விரித்தபோது அவன் முகம் போன போக்கை நினைத்து அழுதேன். அதற்காகத்தான் கடலைப் பார்த்து நடந்தானோ என்று அப்போதுதான் தோன்றியது. தோன்றியதும் உட்கார முடியவில்லை, எழுந்து ஓடினேன்.

பிள்ளைச்சாவடிக் குப்பத்துக்குப் போய்ச் சேரும்போது வெயில் சாய்ந்துவிட்டது. அங்கே கரையில் பெரிய வலையை இழுத்து முடித்துப் பங்கு பிரித்திருந்தார்கள். ஊர் கூடி இரண்டு பக்கமும் கயிறு பிடித்து இழுக்கிற வலை அது. கயிற்றைத் தொட்ட எவனுக்கும் அதில் பங்கு உண்டு. உள்ளூரா வெளியூரா என்று பார்ப்பதில்லை. மணலில் கும்பல் கும்பலாக மீன். ஒவ்வொருவராக வந்து அவரவர் பங்கை வாரிக்கொண்டு போனார்கள். கடைசியாக ஒரு கும்பல் மட்டும் மிச்சம். ஒரு நடுவயசு அம்மாள் தென்னை மட்டையால் காக்கையை விரட்டிக்கொண்டு அதன் பக்கத்தில் உட்கார்ந்திருந்தாள்.

என்னைப் பார்த்ததும் ஆரம்பித்துவிட்டார்கள். "இன்னாய்யா, யாரு நீ? மூஞ்சி ஏன் வீங்கிக் கெடக்குது? எந்த ஊரு?"

அந்த மீனைக் காட்டி, ஏனோ அதைத்தான் கேட்டேன்: "இது யாருதும்மா?"

"ஆள் வராத பங்கு," என்றாள் அந்த அம்மாள். "கயிறு இழுத்துட்டு வாங்காமப் போயிட்டான். வந்து வாங்கற வரைக்கும் வேற ஆரும் தொடக் கூடாது. உள்ளூர் ஆளு இல்ல. வாய் பேசாதவன். எங்கேந்து வந்தான்னு தெரியல. வந்தான், வடத்தப் புடிச்சான். ஏலேலோ பாட்டுப் போட்டுத்தான் இழுப்போம், அது காதுல உழாமயே எங்க கூட ஒண்ணா இழுத்தான்யா, ஒரு இழுப்பு தப்பல!"

எனக்கு அது அதிசயமில்லை. எங்கள் கிணற்றிலும் அப்படித்தான், கயிற்றின் நடுக்கம் அவன் கைக்குப் பேசும். நான் அந்த மீன் கும்பலின் முன்னால் மண்டியிட்டு உட்கார்ந்துவிட்டேன்.

"எந் தம்பிம்மா. எங்கம்மா அவன்? எங்க?"

"ஐயோ, தெரியலியே. இங்கதான் நின்னான். வடக்கால போனான்னு நெனக்கிறேன்."

எழுந்து, இருக்கிற தொண்டையெல்லாம் சேர்த்து வடக்கே பார்த்து அவன் பெயரைக் கத்தினேன். திரும்பத் திரும்பக் கத்தினேன். அலைச் சத்தம் அதைத் தின்றுவிட்டது. அந்த அம்மாள் மட்டையைக் கீழே வைத்தாள்.

"ஏன் சாமி, அவன் செவுடன்தான. பேரச் சொல்லிக் கத்தறியே, யாருக்குக் கேக்க?"

நான் வாயை மூடினேன்.

"உங்க ஊர்ல அவன எப்டிக் கூப்புடுவே?"

"துண்ட வீசுவேன்."

"அத வீசேன்யா மொதல்ல! காலையிலேந்து கழுத்துல மாலையாப் போட்டுக்கினு சுத்தறான் பாரு துண்ட!"

சுற்றி நின்றவர்கள் சிரித்துவிட்டார்கள். எனக்குக் கோபம் வரவில்லை. பிறந்ததிலிருந்து அவனைத் துண்டால் கூப்பிட்டவன், அவன் தொலைந்ததும் வாயால் தேடியிருக்கிறேன். "மேட்டுல ஏறு, அப்பதான் தெரியும்," என்று ஒருவன் என்னை மணல் மேட்டுக்குத் தள்ளினான். ஏறி, எங்கள் வரப்பில் வீசுகிற மாதிரியே வீசினேன். வடக்கே வீசினேன், தெற்கே வீசினேன். கரையில் ஒன்றும் அசையவில்லை. கை கடுத்தது.

"இந்தாண்ட பாரு! கடல்ல! கடல்ல பாருய்யா!"

தூரத்தில், அலைக்கு அப்பால், ஒரு கட்டுமரம். அதன்மேல் மூன்று பேர். நடுவில் நின்ற ஆள் சட்டையைக் கழற்றித் தலைக்கு மேலே வீசிக்கொண்டிருந்தான். எங்கள் வயலில் வீசுகிற அதே வீச்சு.

எனக்குச் சந்தோஷம் வரவில்லை, பயம்தான் வந்தது. நீச்சல் தெரியாதவன் கடலின் மேல் நின்றுகொண்டு கை வீசுகிறான். உட்காருடா என்று கத்தினேன். மறுபடியும் வாயால். அப்புறம் இரண்டு கையாலும் தரையை அமுக்கிக் காட்டினேன். என்னைப் பார்த்து அந்தக் குப்பமே, ஆணும் பெண்ணும், இரண்டு கையாலும் தரையை அமுக்கிக் காட்டியது. அவன் உட்கார்ந்தான்.

"வடக்கால கனகசெட்டிக்குளத்துல எங்க ஆளுங்க வலை கெடந்தது, அதக் கொண்டாறப் போயிருக்காங்க. இவனையும் ஏத்திக்கினாங்க போல. கடலுக்குப் போனா இப்டித்தான், கரையில சொல்லிக்கினு போவ மாட்டானுங்க," என்றாள் அம்மாள்.

கரைக்கு வரும் கடைசி அலையில் அந்தக் கட்டுமரம் தலைகீழாகத் திரும்பியது. மூன்று பேரும் மறைந்தார்கள். நான் தண்ணீருக்குள் ஓடினேன், இடுப்பு வரை போனதும் அலை என்னைப் புரட்டிக் கரையில் எறிந்தது. கண்ணைத் திறந்தபோது தம்பி என் எதிரில் நின்றிருந்தான், மூக்கில் தண்ணீர் ஒழுக, சிரித்துக்கொண்டு. மீசையை முறுக்கிக் காட்டினான். பிறகு கடலைக் காட்டினான், கூட வந்த இருவரைக் காட்டினான். அவர்கள் இருவரும் கையாலேயே அவனிடம் என்னவோ சொன்னார்கள், அவனும் கையால் திருப்பிச் சொன்னான். நான் பார்த்துக்கொண்டே நின்றேன். அலை இரைகிற இடத்தில் கட்டுமரத்துக்குக் கட்டுமரம் வாயால் பேச முடியாது. அந்த ஜனங்கள் எல்லோருமே கடலில் கையால் பேசுகிறவர்கள். எங்கள் ஊரில் அவனோடு பேச ஆள் இல்லை. இங்கே அவனோடு பேச ஒரு குப்பமே இருந்தது.

அவன் பங்கை அம்மாள் காட்டினாள். அவனுக்குப் புரியவில்லை. அவள் கயிறு இழுக்கிற மாதிரி செய்து, மீனைக் காட்டி, அவன் நெஞ்சைத் தொட்டாள். அவன் அந்த மீனின் பக்கத்தில் உட்கார்ந்து ஒவ்வொன்றாகத் தொட்டுப் பார்த்தான். ஊரில் எத்தனை களத்தில் நெல் அடித்தும், இது உன் பங்கு என்று அவன் முன்னால் யாரும் எதையும் குவித்து வைத்ததில்லை.

அன்று அங்கேயே தங்கினோம். விடிந்ததும் நான் கையைக் கூரைபோலச் சேர்த்தேன். வீடு. அவன் மாட்டேன் என்று தலையை ஆட்டினான். மூக்கைத் தொட்டேன். அம்மா. அவன் கண் கலங்கியது, ஆனாலும் தலையை ஆட்டினான். கையைப் பிடித்து இழுத்தேன். நான் அந்தக் காலத்தில் மாட்டையே மடக்கி நிறுத்துகிறவன், அவனை ஓரடி நகர்த்த முடியவில்லை. கெஞ்சினேன். அம்மா சொன்னதையெல்லாம் கையால் சொல்ல முயன்றேன். என் கைக்கு அவ்வளவு பேச்சு தெரியாது.

"உடுய்யா, எங்க போயிடப் போறான்? கடல் எங்கயும் நவுந்துடாது. வந்து வந்து பாத்துக்க," என்றார் வலைக்காரப் பெரியவர் ஒருவர்.

"எங்கம்மாவுக்கு நான் என்னாத்தச் சொல்லுவேன்?"

எதற்கெடுத்தாலும் கேள்வி கேட்கிறவர்கள் அன்றைக்கு மணலைப் பார்த்துக்கொண்டு நின்றார்கள். தம்பிதான் குடிசைக்குள் போய், உப்புப் போட்டு ஓலையில் கட்டி வைத்திருந்த தன் பங்கை எடுத்து வந்து என் கையில் வைத்தான். மூக்கைத் தொட்டுக் காட்டினான்.

பஸ்ஸில் என் பக்கத்தில் யாரும் உட்காரவில்லை, அவ்வளவு மீன் வாடை. வழியெல்லாம் அம்மாவிடம் சொல்லப் பேச்சைக் கட்டினேன். ஒன்றும் நிற்கவில்லை. வாசலில் அம்மா எனக்குப் பின்னால் பார்த்தாள். தெரு முனை வரைக்கும் பார்த்தாள். பிறகு என் முகத்தைப் பார்த்தாள். ஓலையை அவள் முன்னால் வைத்து, கயிறு இழுக்கிற மாதிரி கையைக் காட்டி, மீனைத் தொட்டு, மூக்கைத் தொட்டேன்.

அம்மா அந்த ஓலையைப் பிரிக்காமல் வெகுநேரம் மடியில் வைத்திருந்தாள். அடுப்பு மூட்டவில்லை. என்னைத் திட்டவுமில்லை, திட்டியிருந்தால் தேவலை. இருட்டுகிற சமயத்தில்தான் கேட்டாள்:

"அங்க அவங்கூட யாராவது பேசறாங்களா?"

"எல்லாரும் பேசறாங்கம்மா."

எழுந்து போய் உலையை வைத்தாள்.